அறுபதில் ஒரு பங்கு நொடி

மனைவி பாக்யலட்சுமி இறந்த அன்று காலை, கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற கடைக்காரர் இளம்பரிதியிடம் ஒரு படம் கேட்டார். "உங்களுக்கு இன்னாணா, கேமரா வச்சிக்கினு இருக்கறவரு. ஆயிரம் படம் இருக்கும். நல்லதா ஒண்ணு அனுப்பிடுங்க, ஒரு மணி நேரத்துல அடிச்சித் தர்றேன்."

ஆயிரம் இல்லை, நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தன. ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு ஹார்டு டிஸ்கில் கிடந்தன. வேலூர் மார்க்கெட்டில் வாழை இலை அடுக்குகிறவர்கள், ஆம்பூர் ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஷூ கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துத் தூங்குகிற பெண்கள். அவருடைய பெண்டாட்டி முப்பத்தேழு படங்களில் இருந்தாள். முப்பத்தேழிலும், வாத்தியாரிடம் அடி வாங்கக் கையை நீட்டப்போகிற பிள்ளையைப் போல நின்றிருந்தாள்.

கடைசியில் பாக்யாவின் தங்கை மேகலாதான் அக்காவின் டிபன் பையிலிருந்து ஷூ கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தபால்தலை அளவுப் படம் ஆறடிக்குப் பெரிதாகி, முகம் கட்டம் கட்டமாக உடைந்து, தெருமுனைக் கம்பத்தில் பத்து நாள் தொங்கியது. போட்டோ எடுக்கிறவன் பெண்டாட்டிக்கு ஐடி கார்டு படம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் இளம்பரிதிக்கு மட்டும் அது காதில் விழுந்தது.

இப்போது வருஷப் படையலுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அவள் அவளாகவே இருக்கிற ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். அப்படி ஒரு படம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை எடுத்தவன் ஞாயிற்றுக்கிழமைக் கேமராக் குழுவில் இருக்கிற ஆல்வின். பதினோரு மாதமாக அவரால் கேட்க முடியாமல் போனதற்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

இளம்பரிதி ஆம்பூருக்கு வெளியே ஒரு டேனரியில் இருபத்திரண்டு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறவர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு லேபில் சேரலாம் என்று வந்தவரை, "ஒனக்குக் கண்ணு ஷார்ப்பா கீது" என்று ரஷீத் அஹமது மேஸ்திரி தரம் பிரிக்கிற மேசைக்கு இழுத்துக்கொண்டார். வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். வெயில் நேராக விழாத, நாளெல்லாம் அதிகம் மாறாத வெளிச்சம். அதன் கீழே ஒவ்வொரு தோலாக விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் என்று தேடிச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். ஒரு தோலுக்கு எட்டு நொடி. வட்டம் குறைவென்றால் முதல் ரகம். கூடக்கூடக் கீழ் ரகம். ரொம்பக் கூடினால் ரிஜக்ட். தோலில் நல்லதைத் தேடச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் தந்ததில்லை.

கேமரா வந்தது நாற்பத்தொன்றாவது வயதில். வாணியம்பாடியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் தன் பழைய கேமராவைத் தள்ளிவிட்டார். முதல் ஆறு மாதத்துப் படங்கள் சிரிக்கிற மாதிரி இருக்கும். டீக்கடையில் வாசல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் முகமெல்லாம் கரி. நடந்து வருகிறவருக்கு நாலு கால். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தார். நடக்கிறவரை நிறுத்த ஷட்டர் நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. ஓடுகிற பிள்ளைக்கும் சைக்கிளுக்கும் ஐந்நூறில் ஒரு பங்கு. வெயிலில் அப்பர்ச்சர் எட்டு வைத்துக்கொண்டால் ஓரடி முன்பின் தவறினாலும் முகம் தெளிவாக விழும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓ அதன் போக்கில் ஏறட்டும். படத்தில் மணல் மணலாகப் புள்ளி விழுந்தால் மன்னிக்கலாம், கலங்கல் விழுந்தால் படமே போச்சு. எதிர்வெளிச்சம் என்றால் ஒரு படி கூட்டு. ஆளைப் பார்ப்பதற்கு முன் ஆளுக்குப் பின்னால் பார், தலையிலிருந்து கம்பம் முளைக்கக் கூடாது. நாலு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று வந்தபிறகு அமுக்கு, கையோ காலோ வெட்டுப்படக் கூடாது.

ஞாயிறு மாலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தோலைப் போலவே, எட்டு நொடிக்கு ஒரு படமாகத் தள்ளுவார். கோணல், டெலிட். கண் மூடியிருக்கிறது, டெலிட். அவர் விரல் தட்டிய வேகத்தில் எத்தனை முகங்கள் போயின என்று கணக்கில்லை. நாற்பதாயிரம் என்பது அதற்குப் பிறகும் மிஞ்சியது.

வேலூர் கோட்டை வாசலில் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கேமராவோடு கூடுவார்கள். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு என்று சுற்றிவிட்டு எட்டரைக்கு டிபன். சாயங்காலம் வாட்ஸப் குழுவில் ஆளுக்கு ஒரு படம் போட, அதிகம் கட்டைவிரல் விழுந்தவருக்கு அடுத்த வாரம் மற்றவர்கள் டிபன் வாங்கித் தர வேண்டும். முதல் இரண்டு வருடம் இளம்பரிதி அடிக்கடி ஓசிப் பொங்கல் சாப்பிட்டார். பிறகு ஆல்வின் வந்தான்.

ஆல்வின் அவரைவிட மூன்று வயது சின்னவன். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ணா, இந்த எஃப்னு போட்டுக்குதே, அது இன்னாணா?" என்று கேட்டான். இளம்பரிதி சாம்பார்க் கிண்ணத்தையும் டம்ளரையும் நகர்த்தி வைத்து விளக்கினார். ஷட்டர், ஐஎஸ்ஓ, ஓரம், பின்புலம் எல்லாம் சொன்னார். சொல்லிக் கொடுப்பதில் ஒரு கர்வம் இருந்தது. அது சரியாக நாலு வாரம் நீடித்தது.

ஐந்தாவது வாரம் ஆல்வின் போட்ட படத்தில், மார்க்கெட் படியில் கறிவேப்பிலை விற்கிற பெண் ஒருத்தி ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அறுந்த செருப்பு வாரைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். வாங்க வந்தவரின் கை, பையைத் திறந்தபடி அவள் முகத்துக்கு நேரே காத்திருந்தது. வியாபாரம் இருக்கட்டும், செருப்பு முதலில் என்று அவள் முகம் சொன்னது. படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதே பெண்ணை, அதே படியில், கால் மணி நேரம் முன்னால் இளம்பரிதியும் எடுத்திருந்தார். வெளிச்சம் கச்சிதம், ஓரம் சுத்தம், கண்ணிமை எண்ணலாம். அந்தப் பெண் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு டிபன் மேசையில் தன்சீல் அகமது வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா பரிதி பாய், வாத்தியார ஸ்டூடன்ட் தூக்கி அடிச்சிட்டான்! இனிமே நீங்கதான் அவனுக்கு வடை வாங்கணும்."

"படம் சாஞ்சிருக்குது" என்றார் இளம்பரிதி.

"சாஞ்சிருந்தா இன்னா, உழுந்துடவா போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். வயிறு எரிகிறது என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை என்று இளம்பரிதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அதன்பிறகு ஆல்வினின் படங்களை அவர் கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். தேடினால் கிடைக்கும். கிடைத்ததைக் குழுவிலேயே எழுதுவார்: கோடு சாய்வு. வானம் வெளுத்துவிட்டது. பின்னால் குப்பைத் தொட்டி. ஆல்வின் அதற்கெல்லாம், "சூப்பர்ணா, அடுத்த வாட்டி பாக்கறேன்" என்று போடுவான். போட்டதோடு நின்றால் பரவாயில்லை, அடுத்த வாரம் அந்தக் குறை இருக்காது. இவர் போட்ட சாக்பீஸ் வட்டங்களை அவன் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே மேலே ஏறிக்கொண்டிருந்தான். இவருடைய கண்ணையும் சேர்த்து அவன் வைத்துக்கொண்டது போலிருந்தது.

வீட்டில் பாக்யா வேறு. ஷூ கம்பெனி வேலைக்கும் ஓவர்டைமுக்கும் நடுவே அவள் வீட்டில் நிற்கிற நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில் இளம்பரிதி கேமராவை எடுத்தால் அவளுக்குத் தோள் இறுகிவிடும்.

"நில்லு. இல்ல, அந்தப் பக்கம். தாடைய எறக்கு. பின்னாடி பக்கெட்டு வருது, நகரு."

"இன்னா நானு, தோலா? இப்டித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க. ரகத்தச் சொல்லி உடுங்க, அடுப்புல கொழம்பு இருக்குது."

"கொஞ்சம் சிரி."

"எதுக்கு?"

அவர் அமுக்கிவிடுவார். முப்பத்தேழு படமும் அப்படி எடுத்ததுதான்.

போன வருடம் புரட்டாசி கடைசி ஞாயிறு, குழுவினர் குடும்பத்தோடு அமிர்திக் காட்டுக்குப் போனார்கள். மழை பெய்து ஓடையில் தண்ணீர் இருந்தது. இளம்பரிதி ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஓடைக்குள் கல் கல்லாகத் தாண்டி யாராவது வருவார்கள், பின்னால் மரத்தின் இருட்டு, தண்ணீரில் வெயில். சரியான இடம். ஐந்நூறில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் குப்புறப் படுத்திருந்தார். பெண்களும் மற்றவர்களும் மேலே மரநிழலில் புளிசாதம் பிரித்தார்கள்.

அன்று மாலை ஆல்வின் போட்ட படம் பாக்யலட்சுமி.

தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் ஏறக்குறைய மூடியிருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து தெரிந்தது. அதை மறைக்கத்தான் அவள் எப்போதும் உதட்டை இறுக்குவாள். நீட்டியிருந்த வலது கை படத்தின் கீழ் ஓரத்தில் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டுக் கொஞ்சம் கலங்கியிருந்தது. பின்னால் யாருடைய டிபன் கேரியரோ. இருபத்து மூன்று கட்டைவிரல். குழுவில் இருந்தவர்களே அவ்வளவு பேர் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

பாக்யா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஐயோ, நானா இது! பல்லெல்லாம் தெரியுது பாரு." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நல்லாத்தான் இருக்குது, இல்ல?" என்றாள்.

இளம்பரிதி விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஷட்டர் போதவில்லை. கை வெட்டுப்பட்டிருக்கிறது. டிபன் கேரியர் உறுத்துகிறது. அவள் அதைப் படித்தாள். போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவர் அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்தார். ரிஜக்ட்.

கார்த்திகையில் ஆறே நாள் காய்ச்சல். அவள் போய்விட்டாள்.

தூக்கும்போது ஆல்வின் வந்தான். கேமரா இல்லாமல் வந்திருந்தான். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் இளம்பரிதி அதைக் கவனித்தார். அந்த நாகரிகம் தனக்கு வந்திருக்குமா என்று ஒரு நிமிடம் அதற்கும் பொறாமைப்பட்டார். பிறகு அப்படி நினைத்ததற்காக நெடுநாள் வெட்கப்பட்டார்.

குழுவில் வேறு யாரிடமாவது படத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் பார்த்தார். தன்சீல் அனுப்பவும் செய்தான். வாட்ஸப்பில் வந்து சுருங்கிய படம், பெரிதாக்கினால் மறுபடியும் கட்டம் கட்டமாக உடைந்தது. கம்பத்து பேனர் கண்முன் வந்தது. ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினல் ஆல்வினிடம்தான் இருக்கும்.

ஒரு புதன்கிழமை லீவு போட்டு வேலூருக்குப் பஸ் ஏறினார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. "மூச்ச இழுங்க... புடிங்க, ஆடாதீங்க, ஆடாதீங்க... ம், உட்டுடுங்க." அடுத்த ஆள். மறுபடியும் அதே. ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஆடாதே என்று சொல்வான் என்று இளம்பரிதி யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை யாரையும் அவன் ஆடாதே என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆல்வின் வெளியே வந்து அவரைப் பார்த்ததும் பதறிவிட்டான். "ணா! இன்னாணா, ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு படம் வேணும்."

"அண்ணி படமா?"

அவன் காத்திருந்திருக்கிறான். அதுவே ஒரு அறை மாதிரி விழுந்தது.

"நானே கொண்டாந்து குடுத்திருப்பேன்ணா. நீங்க கேக்காம குடுத்தா, குத்திக் காட்டற மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சி வீட்லதான் இருப்பேன். வாங்க, வேற கொஞ்சமும் இருக்குது."

வேற கொஞ்சம் என்றால் என்ன என்று நாலு நாள் அவரை அரித்தது. இன்னும் எத்தனை படம் எடுத்திருப்பான்? எத்தனையில் சிரித்திருப்பாள்?

காட்பாடியில் ஆல்வின் வீட்டில், கம்ப்யூட்டரில் அமிர்தி என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்ததும் முதலில் வந்த படம் படுகோணல். பாதித் திரைக்கு வானம், கீழ் மூலையில் ஒரு ஆள் பாறையில் குப்புறக் கிடந்தான். அடுத்ததில் அதே ஆளின் செருப்பு மட்டும். அடுத்ததில் தண்ணீர் குடிக்கிற அவன் பின்கழுத்து. மூன்றாவது படத்தில்தான் இளம்பரிதிக்கு அது தானென்று தெரிந்தது.

"இன்னா ஆல்வின் இது? ஓரம், கோடு எதுவும் பாக்காம... நீயா எடுத்த?"

"நான் இல்லணா. அண்ணி."

இளம்பரிதி திரும்பிப் பார்த்தார்.

"எங்க அமுக்கணும்னு கேட்டாங்க. எல்லாத்தையும் ஆட்டோல போட்டுக் குடுத்தேன். முப்பத்தொரு படம் எடுத்தாங்க. ஒங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னாங்க."

"ஏன்?"

ஆல்வின் மவுஸை நகர்த்தினான். "தப்பு கண்டுபுடிப்பாராம்."

ஒரு நாள், வெகு நாளைக்கு முன், வீட்டில் அவள் கேமராவை ஒருமுறை கேட்டது அவருக்கு நினைவு வந்தது. "கழுத்துல மாட்டிக்கோ. அந்தச் சக்கரத்தத் தொடாத. கைல எண்ணெ கிண்ணெ இல்லையே?" என்று எச்சரித்துக் கொடுத்தார். அவள் ஒன்றுகூட எடுக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்கவில்லை. இவனிடம் கேட்டிருக்கிறாள். ஒரு வருடமாக அவன் எடுத்த ஒரு படத்துக்காகப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது. அவன் அவளிடம் தூக்கிக் கொடுத்த அந்தக் கேமராவுக்காக, கொடுக்கத் தெரிந்த அந்தக் கைக்காக, அவருக்குள் புதிதாக எரிந்தது.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓடை, குரங்கு, யாரோ பிள்ளை. பத்தொன்பது படங்களில் அவர் இருந்தார். ஒன்றில் கேமராவின் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி சுருங்கி, வாய் லேசாகத் திறந்து, ஒரு தோலில் கீறல் தேடுகிற முகத்தோடு. இருபத்திரண்டு வருடமாக வடக்கு ஜன்னல் பார்த்த முகம். அவர் பார்த்ததில்லை.

முப்பத்திரண்டாவது படம் பாக்யாவுடையது. முழு அளவில், கண்ணோரச் சுருக்கம்வரை.

"அந்தக் கடேசி படத்த எடுத்துட்டு, 'இந்தாங்க, உங்க அண்ணன ரிஜக்ட் பண்ணிட்டேன்'னு சொல்லிக் கேமராவ நீட்டினாங்க. வாங்கின கையோட அமுக்கிட்டேன்" என்றான் ஆல்வின். "நீட்டின கை அப்டியே இருந்துச்சு. அதான் வெட்டுப்பட்டுப் போச்சு. ஆட்டோலயே இருந்துச்சு பாருங்க, நெழல்ல ஷட்டர் அறுபதுக்கு எறங்கிடுச்சி. மாத்தாம எடுத்துட்டேன்."

இளம்பரிதி அந்தக் கையைப் பார்த்தார். கலங்கல், வெட்டு, ஓரத்தில் தவறு. சாக்பீஸ் இருந்தால் மூன்று வட்டம்.

ஆல்வின் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். இளம்பரிதி நன்றி சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. "அறுபதுல கை ஆடும்னு அன்னிக்கே சொல்லிக் குடுத்தேன் இல்ல?" என்றுதான் வந்தது.

"சொன்னீங்கணா."

ஆம்பூரில் பிரிண்ட் போடுகிற கடையில் கேட்டார்கள்: "சார், கீழ கை கட் ஆயிருக்குது. க்ராப் பண்ணிடவா? பின்னாடி அந்தக் கேரியரையும் எடுத்துடலாம்." ஒரு காலத்தில் அவரே எழுதிய வட்டங்கள்தான் அவை. "ஒண்ணும் பண்ணாதீங்க. அப்டியே போடுங்க" என்றார்.

படையல் அன்று கூடத்துச் சுவரில் அந்தப் படம் மாலையோடு இருந்தது. ஷூ கம்பெனியிலிருந்து பாக்யாவோடு வேலை செய்த பெண்கள் பத்துப் பேர் வந்து, வாசற்படியிலேயே நின்று, "அப்டியே இருக்காடீ, அந்தப் பல்லு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேகலா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நீங்க எடுத்ததுலயே இதான் மாமா பெஸ்ட்டு. அன்னிக்கு ஏன் இத குடுக்கல? ஐடி கார்டு படத்த மாட்ட உட்டீங்களே."

ஆல்வின் கதவோரம் நின்றிருந்தான். கையில் இலைக்குப் போட வந்த வடைத் தட்டு. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டான் என்று இளம்பரிதிக்குத் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால், அந்தச் சிரிப்பு அவருக்காகச் சிரித்தது என்று இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் இருக்கும். அவர் இரண்டு மூச்சு வாங்கும் நேரம் சும்மாதான் நின்றார்.

சுவரில் அந்தக் கை கேமராவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"நான் எடுக்கல மேகலா" என்றார். "ஆல்வின் எடுத்தது."

கூடம் திரும்பி ஆல்வினைப் பார்த்தது. அவன் வடைத் தட்டோடு நெளிந்தான்.

"நல்லா எடுத்திருக்கான்" என்றார் இளம்பரிதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. கிட்டே போய் விரலால் சட்டத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "ஷட்டர் மட்டும் கொஞ்சம் ஸ்லோ. பாருங்க, கை கலங்கிப்போச்சு. இருநூத்தம்பதுல வச்சிருந்தா சுத்தமா நின்னிருக்கும்."

"ஆமாணா" என்றான் ஆல்வின். "அறுபதுல எடுத்துட்டேன்."